தானாகத் தேறிய ஏ.சி.

அன்பு மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். நடுவில் ஒரு ஏ.சி.க்கு மட்டும் உடம்பு சரியில்லாமல் இருந்தது. அதுவும் இப்போது தேறிவிட்டது. அங்கே நீங்களும் என் பெண்ணும், புதிதாக வந்திருக்கும் பேத்தியும் நலமாக இருக்க வேண்டும். பேத்தி பகலெல்லாம் தூங்கிவிட்டு இரவெல்லாம் விழித்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். அவள் அம்மாவும் அப்படித்தான் எங்களைப் படுத்தினாள். இப்போது அவளுக்கும் தெரியட்டும்.

போன வாரம் நீங்கள் தொலைபேசியில் கேட்டது ஒரே ஒரு கேள்வி. நீங்கள் வாங்கிக் கொடுத்த இரண்டு ஏ.சி.களுக்கும் வருடாந்தர சர்வீஸ் ஒப்பந்தம் முடியப் போகிறது, புதுப்பிக்கட்டுமா வேண்டாமா என்றீர்கள். ஒரு வார்த்தையில் பதில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் இந்தக் கேள்விக்காகவே ஒரு வருஷமாக நான் வீட்டில் ஆராய்ச்சி நடத்திக்கொண்டிருக்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியாது. அடுத்த மாதம் நீங்கள் மூவரும் வந்து தங்கும்போது பேத்தியை எந்த அறையில் படுக்க வைப்பது என்பதும் இந்த முடிவைப் பொறுத்தே இருப்பதால், விவரமாகவே எழுதுகிறேன்.

எனக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு சந்தேகம். கெட்டுப்போன சாமானை ரிப்பேர் செய்யக் கூலி கொடுப்பது நியாயம். நன்றாக ஓடுகிற சாமானை ஒருவர் வந்து பிரித்து, மறுபடி பூட்டி, 'பாருங்க, ஓடுது' என்று காட்டிவிட்டுப் போவதற்கு எதற்குக் கூலி? நான் மருந்துக் கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் காலம் தள்ளியவன். இந்த மாத்திரையால்தான் குணமானது என்று யாராவது சொன்னால், மாத்திரை சாப்பிடாத ஆளை எங்கே காட்டு என்று கேட்டே பழக்கப்பட்டவன். ஆகவே மெக்கானிக் முதல் தடவை வந்தபோது அவர் ஏணிக்குப் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். அவர் மூடியைத் திறந்து சல்லடையைக் குழாயடியில் அலசினார். ஏ.சி.க்கு அடியில் ஒரு பெரிய பிளாஸ்டிக் பையைக் கட்டி, உள்ளே இருக்கும் தகடுகளின் மேல் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தார். பையில் இறங்கிய தண்ணீர் காப்பி நிறத்தில் இருந்தது. அதில் கொஞ்சத்தை ஒரு பாட்டிலில் பிடித்து, மூடி, தேதி போட்டு வைத்துக்கொண்டேன். எதற்கு என்று கேட்டார். மாதிரி என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. "சார், நீங்க எங்க ஆபீஸ்லேருந்து செக்கிங் வந்தவரா?" என்றார். இல்லை என்று எவ்வளவு சொல்லியும் நம்பாமல், ஏ.சி.யோடு சுவரையும் சேர்த்துத் துடைத்துவிட்டுப் போனார்.

ஒப்பந்தப்படி இரண்டையும் பார்க்க வேண்டும். ஆனால் எங்கள் படுக்கையறை ஏ.சி.யை மட்டும்தான் அவரைத் தொட விட்டேன். உங்கள் மனைவி கல்யாணத்துக்கு முன் இருந்த அறையில் உள்ளதை யாரும் தொடக்கூடாது என்று ஏற்பாடு. ஒரே நாளில் வாங்கிய இரண்டு ஏ.சி., ஒன்றுக்கு மருந்து, மற்றதற்குப் பட்டினி. இதைவிடச் சுத்தமான சோதனை உண்டா? மூடி சேரும் இடத்தில் காகிதம் ஒட்டி, அதன் குறுக்கே கையெழுத்துப் போட்டு சீல் வைத்தேன். கடித உறையை ஒட்டினால்கூட அதன்மேல் குறுக்கே கையெழுத்துப் போடுகிறவன் நான் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். சோதனைக்கு ஆளும் வேண்டுமே. அத்தையை சர்வீஸ் செய்த அறையில் விட்டுவிட்டு, தலையணையைத் தூக்கிக்கொண்டு நான் சீல் வைத்த அறைக்குக் குடிபோனேன். இத்தனை வருஷம் கழித்து ஒரு மிஷினுக்காகத் தனிக்குடித்தனமா என்று கேட்டாள். விஞ்ஞானத்துக்காக என்றேன். அவள் விளக்கை அணைத்துவிட்டாள்.

முதலில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. அந்த மகிழ்ச்சியில் நான் இருந்தபோது, என் அறை ஏ.சி. மெல்ல மக்கர் பண்ண ஆரம்பித்தது. குளிரைக் குறைத்தது. ஈரச் சாக்கை மூலையில் போட்டு மறந்த மாதிரி ஒரு வாடை வீசியது. பிறகு தண்ணீர் சொட்டியது, அதுவும் சரியாக என் நெற்றியில். கட்டிலை நகர்த்தினேன், ஏ.சி.யின் காற்று வரும் வாயில் இருக்கும் தகடு இப்படியும் அப்படியும் ஆடி ஆடிக் காற்றடிப்பதால் தண்ணீரும் கூடவே வந்தது. வாளி வைத்தேன், சொட்டுச் சத்தத்தில் தூக்கம் போயிற்று. சத்தம் கேட்காமல் இருக்க வாளிக்குள் துண்டைப் போட்டேன். அத்தை தன் துண்டைக் காணவில்லை என்று வீடு முழுக்கத் தேடினாள். கடைசியில் தலைமாட்டில் குடையை விரித்துக் கட்டிக்கொண்டு படுத்தேன். மின் கட்டணம் எகிறியது. கொஞ்சம் இருமலும் வந்தது, இருமல் ஏ.சி.யைச் சேர்ந்ததல்ல, என்னைச் சேர்ந்தது என்பதால் அதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. இவ்வளவையும் உங்களிடம் மறைக்காமல் சொல்வது, அடுத்து நடந்ததை நீங்கள் நம்ப வேண்டும் என்பதற்காக.

என் தம்பிக்குக் கண் ஆபரேஷன் என்று துணைக்குப் போய்ச் சில நாள் அங்கே தங்கினேன். திரும்பி வந்து ஏ.சி.யைப் போட்டால், மாப்பிள்ளை, வாடை இல்லை, சொட்டு இல்லை, அறை சில்லென்று ஆகிவிட்டது! ஓடிப்போய் ஏணி போட்டு சீலைப் பார்த்தேன். கிழியவில்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், கையெழுத்து என்னுடையதேதான். சொல்லப்போனால் வழக்கத்தைவிட அழகாகவே போட்டிருக்கிறேன். மிஷின் தானாகவே சரியாகுமா என்று அத்தையைக் கேட்டேன். அதெல்லாம் எனக்கென்ன தெரியும் என்று குனிந்த தலை நிமிராமல் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

யோசித்து யோசித்துக் காரணத்தைக் கண்டுபிடித்தேன். ஓய்வு! மனுஷனுக்கு நாலு நாள் லீவு கொடுத்தால் தேறிவிடுகிறான் அல்லவா, அதுபோல. இதைக் கீழ் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவரும் நம்பி, வெயில் காலம் முழுக்கத் தன் ஏ.சி.க்கு ஓய்வு கொடுத்துவிட்டுக் குடும்பத்தோடு வேர்த்துக் கொட்டிக்கொண்டு கிடந்தார். மறுபடி போட்டபோது அது ஒரு செருமல் செருமிவிட்டு அடங்கிவிட்டதாம். இப்போது லிஃப்டில் என்னைக் கண்டால் சுவரைப் பார்க்கிறார். அவருடைய ஏ.சி. ஓய்வை ஏற்றுக்கொள்ளும் சுபாவம் உடையதல்ல என்று நினைக்கிறேன். இது மேலும் ஆராய வேண்டிய விஷயம்.

ஆக, என் முடிவு: சர்வீஸ் என்பது வீண் செலவு, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டாம். அந்தப் பணத்தில் பேத்திக்குத் தொட்டில் வாங்குங்கள். அவளை எந்தச் சந்தேகமும் இல்லாமல் சீல் வைத்த அறையிலேயே படுக்க வைக்கலாம்; அதற்கு நான் பொறுப்பு. நீங்கள் மூவரும் நோய் நொடியின்றி, நன்றாகத் தூங்கி, நீண்ட நாள் வாழ ஆசீர்வதிக்கும்,

உங்கள் மாமா.

பின்குறிப்பு: எழுத்துப்பிழை பார்ப்பதற்காக அத்தை என் கடிதங்களை ஒரு தடவை படித்துவிட்டுத் தருவது வழக்கம். இதையும் படித்தாள். பேத்தியைச் சீல் வைத்த அறையில் படுக்க வைக்கும் இடம் வந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டாள்.

"நீங்க ஜெயிச்சதாவே இருக்கட்டும்னுதான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். கான்ட்ராக்டை நிறுத்திட்டுக் குழந்தையை அங்க படுக்க வைக்கறேன்னா எப்படி விடறது? நீங்க தம்பி வீட்டுக்குப் போனப்போ மெக்கானிக்கை வரச் சொல்லி உள்ள சுத்தமா கழுவச் சொன்னேன். அப்புறமும் விடாம பார்த்துக்கிட்டுத்தான் இருக்கார், நீங்க வாக்கிங் போற நேரமா."

சீல்? ஒவ்வொரு தடவையும் அதைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுக் காகிதம் ஒட்டி, என் கையெழுத்தை அவளே போட்டிருக்கிறாள். பெண்ணின் பள்ளிக்கூட ரிப்போர்ட் அட்டையில் போட்டுப் பழகிய கையாம்.

இப்படி ஒரு சோதனையைக் கெடுக்கலாமா என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஏன் செய்தாய் என்று கேட்டேன். "அந்த ரூம்ல நீங்க இருமறது இந்த ரூம்ல கேக்குது. நான் எப்படித் தூங்கறது?" என்றாள். யோசித்துப் பார்த்தால், தம்பி வீட்டிலிருந்து வந்த பிறகு நான் இருமவே இல்லை. நான் கணக்கில் எடுக்காமல் விட்டது அந்த ஒன்றைத்தான். அவள் கணக்கில் எடுத்துக்கொண்டது அது ஒன்றைத்தான்.

ஆகவே மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டு, ஒப்பந்தத்தை உடனே புதுப்பிக்கவும், இரண்டுக்கும். இத்தனை பக்கத்தைக் கிழித்துப் போட மனம் வராததால் அப்படியே அனுப்புகிறேன். என் தலையணையும் பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டது. உறையை ஒட்டிக் கையெழுத்துப் போடும் வேலையை இன்று முதல் அத்தையிடமே கொடுத்துவிட்டேன். நன்றாகத்தான் போடுகிறாள், பாருங்கள்.