பேக்கப் அண்ணனின் லயத்துப் பட்டியல்

கெடா மாநிலத்தில் பேக்கப் அண்ணனைப் பகைத்துக்கொண்டு ஒழுங்காகக் கல்யாணம் நடத்திய வீடு ஒன்றுகூடக் கிடையாது. மாப்பிள்ளை கிடைக்காவிட்டால்கூடச் சமாளித்துவிடலாம். அவருடைய பட்டியல் கிடைக்காவிட்டால் முடியாது.

செர்டாங் பக்கம் நாங்கள் வேலை செய்த தோட்டத்தை விற்றபோது, லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஜனங்கள் சுங்கை பட்டாணி, கூலிம், பினாங்கு என்று ஆளுக்கொரு திசையாகப் போய்விட்டார்கள். தோட்ட ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த அண்ணன்தான் யார் எங்கே குடிபோனார்கள் என்று லேப்டாப்பில் ஏற்றி வைத்தார். வெறும் விலாசம் மட்டுமல்ல. ‘போனில் சொன்னால் வரமாட்டார்’, ‘இவரையும் மச்சானையும் ஒரே மேசையில் உட்கார வைக்காதே’ என்று குறிப்புகளும் உண்டு. எங்கள் ஆட்களில் ஒரு வீட்டுக்குப் பத்திரிகை விட்டுப்போனால் பேரப்பிள்ளை காலம் வரைக்கும் பேச்சுவார்த்தை இருக்காது. அதனால் கல்யாண வீட்டார் எல்லோரும் முதலில் அவர் வீட்டில்தான் போய் உட்காருவார்கள்.

இந்தப் பொக்கிஷம் லேப்டாப்பில் ஒன்று, அலமாரி டிஸ்க்கில் ஒன்று, தஞ்சோங் டாவாயில் தங்கை வீட்டு அரிசி டின்னுக்குள் ஒரு டிஸ்க்கில் ஒன்று என்று மூன்றாக இருந்தது. மாதம் ஒரு தரம் லேப்டாப்பை முதுகில் கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போய் அந்த அரிசி டின் டிஸ்க்கைப் புதுப்பித்து வருவார். செர்டாங்கில் வெள்ளம் வரும் என்று பயந்து, சாமானைக் கடலோரத்தில் கொண்டுபோய் வைத்த ஒரே மனிதர் அவர்தான்.

“அண்ணே, பேசாம ஆன்லைன்ல ஏத்திடுங்க லா. பெட்ரோலாவது மிச்சமாகும்” என்றேன் ஒருநாள்.

“தம்பி, சாவி யார்கிட்ட இருக்குன்னே தெரியாத வீட்டுல பொண்ணக் குடுப்பியா நீ?”

“பாஸ்வேர்டு உங்ககிட்டதானே இருக்கும்?”

“என் சாவிய நா மறந்துட்டா அவன் வேற சாவி குடுப்பான்ல? அப்ப அவன்கிட்ட எத்தன சாவி இருக்கு? அதச் சொல்லு மொதல்ல.”

பசியாறிவிட்டு வந்துவிட்டேன்.

இரண்டு டிஸ்க்கும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம். அதற்கு வருஷத்தில் ஒரே ஒரு நாள் விலக்கு, ஆயுத பூஜை. “வருஷம் பூரா உழைக்குதுங்க. ஒரு நாளாவது சாமி முன்னால வைக்க வேணாமா?” என்பார்.

என் மகள் கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கையில் ஆயுத பூஜை வந்தது. பட்டியலையும் வாங்கி வரலாம் என்று போனேன். லேப்டாப்புக்குச் சந்தனப் பொட்டு, செவ்வந்தி மாலை எல்லாம் போட்டு, இரண்டு டிஸ்க்கையும் அதில் செருகி வைத்திருந்தார். நீல விளக்குகள் கண்சிமிட்டின.

“எதுக்குண்ணே ஆன் பண்ணி வெச்சிருக்கீங்க?”

“சாமி முன்னால செத்த சாமானையா வைப்பாங்க? உசுரோட இருக்கணும் லா!”

சாம்பிராணி காட்டி நிமிர்ந்தவரின் துண்டு ஒயரில் மாட்டியது. ஒயர் சொம்பை இழுத்தது. சொம்பிலிருந்த மஞ்சள் தண்ணீர் முழுக்க மூன்றின் மேலும் கொட்டியது. நீல விளக்குகள் அணைந்தன.

“பூசணிக்காய் உடைக்கலாமா?” என்று அண்ணி மெதுவாகக் கேட்டார். அண்ணன் துண்டால் டிஸ்க்குகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கூலிமில் கம்ப்யூட்டர் கடைக்காரர் லேப்டாப்பையும் டிஸ்க்குகளையும் திறந்து, மோந்து பார்த்து, கையை விரித்துவிட்டார். பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது. யார் வீட்டுக்குக் கொண்டுபோவது என்றுதான் தெரியவில்லை.

காப்பாற்றியவள் என் மனைவி. அவளுடைய அக்கா, முன்பு பட்டியல் கேட்கப் போனபோது, அண்ணன் தேத்தண்ணி போட உள்ளே போன சமயம் பார்த்து லேப்டாப் திரையைப் போனில் படம் பிடித்திருக்கிறாள் என்று அவள்தான் ரகசியத்தை உடைத்தாள். விசாரித்தால், அக்கா மட்டுமல்ல, கல்யாணம் செய்த அத்தனை வீட்டாரும் அதையே செய்திருக்கிறார்கள். படங்கள் எல்லாம் போனிலிருந்து தானாகவே ஆன்லைனில் ஏறி, பல வருஷமாகப் பத்திரமாக இருந்திருக்கின்றன. நாலே நாளில் எல்லாம் வந்து சேர்ந்தன. ஒன்றில் அண்ணனின் காதும் தெரிந்தது.

அவருக்கு முகம் சுண்டிவிட்டது. “யாரக் கேட்டு எடுத்தீங்க? சொந்த சனமே திருடுனா எப்படி?”

“திருடுனதாலதான் திரும்பக் கெடச்சுது அண்ணே.”

முணுமுணுத்துக்கொண்டே கண்ணாடியை மாட்டினார். ஒரு வாரம் எங்கள் வீட்டு லேப்டாப் முன்னாலேயே உட்கார்ந்து, படம் படமாகப் பார்த்து, மறுபடி எல்லாவற்றையும் ஏற்றி முடித்தார். நான் உறைகளில் பெயர் எழுதிக்கொண்டே வந்தவன் கடைசியில் நிமிர்ந்தேன்.

“அண்ணே, இதுல உங்க வீடு எங்க?”

“எழுதுறவனே நாந்தானே. என்னை எதுக்கு எழுதணும்?”

“அப்ப உங்களுக்கு யாரு பத்திரிகை வைப்பாங்க?”

“யாரும் வைக்கிறதில்ல தம்பி. நா எப்படியும் வந்துருவேன்னு எல்லாருக்கும் தெரியுமே” என்றார். அதைக் குறையாகக்கூடச் சொல்லவில்லை.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அன்று சாயந்திரமே நானும் மனைவியும் தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை எல்லாம் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனோம். எங்களைப் பார்த்ததும் உள்ளே ஓடி, நல்ல சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு, அண்ணியையும் கூட்டி வந்தார். தட்டை இரண்டு கையாலும் வாங்கினார். பத்திரிகையில் அச்சகத்தின் பெயர் வரைக்கும் நின்றபடியே படித்தார்.

“தம்பி, இத ஒரு படம் புடி” என்றார் கடைசியில். “புடிச்சு, ஆன்லைன்லயே போட்டு வை.”

படம் பிடிக்கப் போனை எடுத்தேன். அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, பத்திரிகையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றார். அந்த மனிதரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.