எதிரணிக்குப் பந்து எடுத்துக் கொடுத்தவள்

பாசத்தை இந்த வாரம் மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொண்டிருக்கும் தம்பி, அக்காவுக்கு எழுதிக்கொள்வது. இங்கே என் இடது முழங்காலைத் தவிர எல்லோரும் சுகம். அங்கே அத்தானும் பிள்ளைகளும் சுகமாயிருக்கட்டும்.

"பள்ளிக்கூடத்துல வாயே திறக்க மாட்டேங்குறாளா? ஃபுட்பால்ல சேர்த்து விடுடா, நாலு பிள்ளைங்களோட பேசிப் பழகுவா" என்று போனில் சொன்னாயே, அதைக் கேட்டு உன் ஐந்து வயது மருமகளைக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். மற்றதுகள் எல்லாம் பந்து போன பக்கமெல்லாம் சர்க்கரையைக் கண்ட எறும்புகளாய் ஓட, இவள் மட்டும் நின்ற இடத்திலேயே சாக்ஸை இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். ஓடாத பிள்ளை என்று கோல்கீப்பர் ஆக்கிவிட்டார்கள். நானும் விடவில்லை. சோபாவைக் கோல் போஸ்டாக வைத்துச் சாயங்காலமெல்லாம் பயிற்சி கொடுத்ததில் ஹால் விளக்கு போயிற்று, உன் தம்பி பெண்டாட்டியின் பொறுமையும் போயிற்று.

சனிக்கிழமை முதல் மேட்ச். முடியும் நேரம் வரை யாரும் கோல் போடவில்லை. எதிரணிப் பொடியன் ஒருவன் தனியாகப் பந்தோடு வந்து, ஓங்கிக் காற்றை உதைத்து, மல்லாந்து விழுந்து, ஓவென்று அழ ஆரம்பித்தான். பந்து உருண்டு நேராக இவளிடம் வந்தது. "புடி! புடி!" என்று கத்தினேன். பிடித்தாள் அக்கா, அழகாகப் பிடித்தாள். பிடித்ததைக் கொண்டுபோய் அவன் காலுக்கு முன்னால் வைத்து, "அழாத. இப்ப அடி. நான் நகர்ந்துக்கறேன்" என்றாள். அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டு அடித்தான். கோல்! முதலில் கைதட்டியது இவள்தான்.

எனக்கு ரத்தம் தலைக்கேறி, கோட்டைத் தாண்டி உள்ளே ஓடி, வழுக்கி, விழாமலிருக்க கோல் வலையைப் பிடிக்க, அது என் மேலேயே சரிய, மீன் மாதிரி கிடந்தேன். பயிற்சி கொடுக்கிற அம்மா குனிந்து பார்த்து, "சார், இது ஆறு வயசுக்குக் கீழ உள்ளவங்க மேட்ச்" என்றார்.

திரும்பும்போது காரில் நான் அடிபட்ட முழங்காலைத் தடவிக்கொண்டே ஓட்டினேன். அவள் பேசினாள். "அப்பா, அவனுக்கு முன்பல்லு ஆடுதாம், ஆட்டிக் காட்டினான். அவங்க வீட்ல ஆமை இருக்காம். அது தூங்கிட்டே இருக்குமாம்." வழி நெடுகப் பேசினாள். ஒரு வருஷமாக வகுப்பில் யாரிடமும் ஒரு வார்த்தை பேசாத பிள்ளை. சிக்னலில் பச்சை விழுந்தும் எனக்கு வண்டியை எடுக்கத் தோன்றவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

ஆனாலும் தோல்வி தோல்விதான் அக்கா. இந்த விளையாட்டு நம் குடும்பத்துக்கு ஒத்துவராது. நாளைக்கே பெயரை எடுத்துவிடப் போகிறேன். இதில் மறுபேச்சே கிடையாது, பரிந்துகொண்டு போன் செய்யாதே. அத்தானுக்கு வணக்கம். பிள்ளைகள் கைகால் உடையாமல் நீண்ட ஆயுளோடு இருக்கட்டும்.

உன் பேச்சைக் கேட்டுக் கெட்ட,
தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது அந்தப் பொடியனின் அம்மா போன் செய்தார். அவர்கள் அணியில் ஒரு ஆள் குறைகிறதாம். இவள் வந்தால்தான் தானும் வருவேன் என்று அவன் ஒற்றைக்காலில் நிற்கிறானாம். நான் யோசித்துச் சொல்வதற்குள் இவள் ஷூவை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடு. வரும் சனிக்கிழமை எங்கள் பழைய அணியோடுதான் மேட்ச், அத்தானையும் கூட்டிக்கொண்டு வா. அவர்களிடம் இப்போது கோல்கீப்பரே இல்லை. நொறுக்கிவிடுவோம்.