உள் இருக்கைப் பயணிகள்

ஒரு காட்டில் ஆறு இருந்தது, பாலம் இல்லை. இக்கரையில் வீடுகள், அக்கரையில் சந்தை. நீந்தத் தெரியாத பிராணிகளைப் பொன்னுரங்கம் என்ற பெரிய ஆமை தன் முதுகில் ஏற்றி அக்கரை சேர்த்துவந்தது. ஒரு தடவைக்கு ஒருவர்தான். ஆற்றின் நடுவே ஒரு மருதமரம் விழுந்து கிடந்ததால் அதைச் சுற்றித்தான் போகவேண்டும். போய்ச் சேர நேரமாகும். ஆனால் ஏறியவர்கள் எல்லோரும் இறங்கினார்கள்.

அதன் முதுகில் தினமும் போகிறவள் செவந்தி என்ற முயல். அக்கரைச் சந்தையில் நெல்லிக்காய் விற்பாள். ஆமை மெதுவாகப் போகிறது என்று வழியெல்லாம் குறைசொல்லிக்கொண்டே வருவாள். இறங்கும்போது மட்டும், "சாயங்காலம் காத்திருங்க அண்ணே" என்பாள். ஆமையும் காத்திருக்கும்.

இப்படி இருக்கையில், பக்கத்துக் காட்டில் தொழில் கொள்கை ஆலோசனைக் குழு ஒன்று இருப்பதாக அரசர் சிங்கம் கேள்விப்பட்டார். "நம்மிடம் ஏன் இல்லை?" என்று கோபித்துக்கொண்டார். அன்றே குழு அமைந்தது. முள்ளம்பன்றி ஞானவடிவேலர் தலைவர். ஒரு மரநாயும் ஒரு கீரியும் உறுப்பினர்கள். மூவரும் எந்தத் தொழிலும் செய்ததில்லை. அதனால் எந்தத் தொழில்மீதும் அவர்களுக்குப் பாரபட்சம் இல்லை.

முதல் கூட்டத்திலேயே ஆற்றுப் போக்குவரத்தை எடுத்துக்கொண்டார்கள். கருத்துச் சொல்லப் பொன்னுரங்கத்தையும் கூப்பிட்டார்கள்.

"ஐயா, அந்த மருதமரத்தை எடுத்துப்போட்டா பாதி நேரத்துல போயிடலாம். ஒரு யானைகிட்ட சொன்னா போதும்" என்றது ஆமை.

ஞானவடிவேலர் சிரித்தார். "யானையிடம் சொல்வது நிர்வாகம். நாங்கள் கொள்கை. வேறு ஏதாவது?"



அடுத்து வந்தது மகரராஜன் என்ற முதலை. வரும்போதே குழுவுக்கு மூன்று இளநீர் கொண்டுவந்தது. "என் முதுகுல பத்துப் பேர் உட்காரலாம். மழைக்காலத்துக்குன்னு உள் இருக்கை வசதியும் இருக்கு" என்று வாயைத் திறந்து காட்டியது. "ஒரு சொட்டுத் தண்ணி படாது. முதல் மாசம் எல்லாருக்கும் இலவசம்."

குழு வியந்துபோனது. போட்டி வந்தால் சேவை வளரும் என்று அரசருக்கு ஆலோசனை சொன்னது. அரசர் தலையாட்டினார். கொட்டாவி விட்டபோது தலை ஆடியதாகவும் சிலர் சொல்கிறார்கள்.

முதலைப் படகு தொடங்கியது. முதுகில் போனவர்கள் பத்திரமாக இறங்கினார்கள். உள் இருக்கையில் போனவர்களைக் காணோமே என்று யாராவது கேட்டால், "அவங்களுக்குத் தனி இறங்குதுறை" என்றது மகரராஜன். அதைக் கேட்டதும் முதுகில் போனவர்களுக்குப் பொறாமை வந்தது. தங்களுக்கு மட்டும் தனி இறங்குதுறை இல்லாததைக் குழுவிடம் போய் முறையிட்டார்கள்.

ஒருநாள் காலையில் நல்ல மழை. செவந்தி கூடையோடு வந்தாள். ஆமையைத் தாண்டி முதலைப் பக்கம் நடந்தாள்.

"செவந்தி, அதுல போகாதே" என்றது ஆமை.

"நீங்க அந்த மரத்தைச் சுத்திப் போறதுக்குள்ள சந்தை கலைஞ்சிடும் அண்ணே. காயெல்லாம் நனையுது."

"அது வாய்மா."

"வாய்னு யாரு சொன்னா? உள் இருக்கைன்னு பலகையில போட்டிருக்கு. குழுவே சரின்னு சொல்லியிருக்கு. உங்களுக்குத் தொழில் போட்டி, அதான் பேசுறீங்க."

ஆமைக்குச் சுருக்கென்றது. உண்மையிலேயே போட்டியால்தான் பேசுகிறோமோ என்று ஒரு கணம் தன்மீதே சந்தேகம் வந்தது. அந்த ஒரு கணத்தில் அவள் ஏறிவிட்டாள்.

ஆமை அவசரமாக நீந்தி அக்கரை போனது. சந்தையில் செவந்தி உட்காரும் இடம் காலியாக இருந்தது. சாயங்காலம்வரை துறையில் காத்திருந்தது. கடை எடுத்துவைத்த பிராணிகள் எல்லாம் போன பிறகும் காத்திருந்தது.

மறுநாள் அது குழுவின் முன்னால் போய் நின்றது. உள்ளே நான்காவது ஆசனத்தில் மகரராஜன் உட்கார்ந்திருந்தது. வெற்றிகண்ட தொழில்முனைவோர் ஒருவராவது குழுவில் இருக்கவேண்டும் என்று புதிதாகச் சேர்த்திருந்தார்கள்.

"ஐயா, இவரு செவந்தியைத் தின்னுட்டாரு!"

"செவந்தி புகார் கொடுத்தாரா?" என்று கேட்டார் ஞானவடிவேலர்.

"செத்தவ எப்படி ஐயா கொடுப்பா?"

"பாதிக்கப்பட்டவர் நேரில் வரவேண்டும், அதுதான் முறை. உள் இருக்கைப் பயணிகளிடமிருந்து இதுவரை ஒரு புகாரும் இல்லை. உன்மேல்தான் தாமதம் தாமதமென்று வந்து குவிந்திருக்கிறது."

மகரராஜன் கண்ணைத் துடைத்துக்கொண்டது. "நல்ல பொண்ணு. என் சேவையை ரொம்ப நம்பினா."

 பொன்னுரங்கம் நகரவில்லை. "அப்படீன்னா நீங்களே ஆத்துக்கு வந்து பாருங்க. கடந்து பாருங்க. பார்த்துட்டு எழுதுங்க."

குழு ஒத்துக்கொண்டது. கள ஆய்வு என்றால் அக்கரையில் விருந்து உண்டு.

அவர்கள் கரைக்கு வந்த அன்றும் மழை தூறிக்கொண்டிருந்தது. மகரராஜன் அகலமாக வாயைத் திறந்து, "பெரியவங்க உள்ள உட்காரணும், முதுகு பொதுமக்களுக்கு" என்றது.

மரநாய் கீரியைப் பார்த்தது. கீரி தலைவரைப் பார்த்தது. தலைவர் வானத்தைப் பார்த்தார்.

"மகரராஜன், உங்களைச் சிரமப்படுத்துவானேன்" என்று இருமினார். "பொன்னுரங்கம், சும்மாதானே இருக்கிறாய்?"

மூவரையும் ஒவ்வொருவராக ஆமை கொண்டுபோய் விட்டது. அன்றைக்கு ஒருவரும் தாமதம் என்று சொல்லவில்லை.

கடைசியாக ஏறினார் தலைவர். நடு ஆற்றில் ஆமை கேட்டது: "ஐயா, அதுல ஏன் ஏறலை?"

"நாங்கள் ஆலோசனை சொல்பவர்கள் பொன்னுரங்கம். பயணிகள் அல்ல."

ஆமை நின்றுவிட்டது. ஒரு முழுக்குப் போட்டால் போதும். முள்ளம்பன்றிக்கு நீச்சல் தெரியாது. தலைவருக்கும் அது புரிந்திருக்கவேண்டும். முட்கள் மெல்லச் சிலிர்த்தன.

"குழுவுக்கென்று நிரந்தரமாக ஒரு வாகனம் வேண்டும்" என்றார் அவசரமாக. "மழையிலும் வெயிலிலும் துறையில் கிடக்கவேண்டாம். நிழலில் நிற்கலாம். சாப்பாடு உண்டு. யாரும் உன்னை மெதுவென்று சொல்லமாட்டார்கள்."

ஆமை வெகுநேரம் மிதந்துகொண்டிருந்தது. அப்புறம் மறுபடி துடுப்புப் போட்டது.

குழுவின் உறுப்பினர்கள் அனைவரும் பாதுகாப்பாக ஆற்றைக் கடந்தார்கள் என்று அறிக்கை வந்தது. எதில் கடந்தார்கள் என்று அதில் இல்லை. மகரராஜனின் துறையில் கூட்டம் இன்னும் பெருகியது.

கொஞ்ச நாள் கழித்துச் செவந்தியின் கணவன் முத்தையன் ஆற்றங்கரைக்கு வந்தான். ஆமை நிழலில் நின்றுகொண்டிருந்தது.

"அண்ணே, அக்கரையில தனி இறங்குதுறை இருக்காமே. அங்கே போய் அவளைத் தேடிப் பார்க்கணும். ஏத்திக்கிட்டுப் போறீங்களா?"

"இப்ப நான் குழு வேலையில இருக்கேன்பா" என்றது ஆமை. பிறகு குரலைத் தாழ்த்தி, "மகரராஜன்ல போனா முதுகுல உட்காரு. உள்ளே மட்டும் போகாதே. இது என் ஆலோசனை" என்றது.

"முதுகுல எடமே இல்லையாம். உள்ளதான் எப்பவும் காலியா இருக்காம்."

ஆமை வாயைத் திறந்தது. அதற்குள், "பொன்னுரங்கம், அக்கரைக் கூட்டத்துக்கு நேரமாகிறது" என்று தலைவரின் குரல் கேட்டது. ஆமை கழுத்தை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கியது. முத்தையன் அடுத்த துறையைப் பார்த்து நடந்தான்.

நீதி: தொழிலில் கெட்ட பெயர் வரக்கூடாது என்றால், வாடிக்கையாளரை மிச்சம் வைக்காதீர்கள்.