குதிரை ஏன் நொண்டியது?

குறியீட்டார் என்றோர் இனம் நம்மிடையே வாழ்கிறது. பார்ப்பதற்கு உங்களையும் என்னையும் போலவே இருப்பார்கள். பல் தேய்ப்பார்கள், பால் பாக்கெட் வாங்குவார்கள், வண்டிக்குக் காற்றடிப்பார்கள். ஆனால் எந்தப் பொருளையும் அந்தப் பொருளாக மட்டும் இருக்க விடமாட்டார்கள். மழை வந்தால் நீங்கள் மாடியில் காயும் துணியை எடுக்க ஓடுவீர்கள். குறியீட்டார் ஜன்னலோரம் நின்று, "இது வெறும் மழை இல்லை" என்பார். அவருடைய துணியையும் சேர்த்து யார் எடுப்பது? அவர் மனைவிதான்.

எங்கள் அண்ணனூருக்கு வாய்த்தவர் தினகரன் சார். சென்னீர்குப்பத்தைத் தாண்டி ஒரு தனியார் கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியர். பழைய அமெரிக்க நாவல்களில் பாவம், கர்வம், குறியீடு: இதுதான் இருபத்திரண்டு வருடமாக அவர் நடத்தும் பாடம். பாடம் வகுப்போடு நின்றதா? பணிமனைக்கு ஆளில்லாமல், விளக்கு மட்டும் எரிய, காலியாகப் போகும் மின்சார ரயிலைக் கண்டால் ஆன்மாவைத் தொலைத்த உடல் என்பார். ரயில்வே கேட் மூடியிருந்தால் விதி என்பார். கேட் திறந்திருந்தால் அது இன்னும் பெரிய விதி என்பார். பக்கத்து வீட்டுக்காரர் மாடிமேல் மாடி கட்டினால் கர்வம். அவரே கட்டினால்? அது வாடகைக்கு.

ஞாயிறு காலை பத்து மணிக்கு எங்கள் குடியிருப்புச் சங்க அறையில் அவர் ஒரு வாசிப்பு வட்டம் நடத்தினார். ஒன்பது பேர் வருவோம். அந்த மாதம் எடுத்துக்கொண்டது நூற்றறுபது வருடத்துக்கு முந்தைய ஒரு நாவல். அண்ணன் மரக்கிடங்குக்குத் தீ வைக்கிறான்; பழி தம்பி மேல் விழுந்து, தம்பி சிறைக்குப் போகிறான்; அண்ணன் ஊரிலேயே உயரமான வீட்டைக் கட்டிக்கொண்டு, சர்ச்சில் முன்வரிசையில் உட்கார்ந்து, மற்றவர்களின் பாவங்களுக்காக உருகி உருகி ஜெபிக்கிறான். கதை இவ்வளவுதான். ஆனால் குறியீட்டாருக்குக் கதையா முக்கியம்?

எங்களில் அதைக் கதையாகப் படித்தவர் ஒருவர்தான். கன்னியம்மாள். முத்தாபுதுப்பேட்டையில் நிலம் வைத்திருந்த பழைய குடும்பம். இப்போது அண்ணனூர் ஸ்டேஷன் தெருவில் தையல் கடை. எட்டாவதோடு படிப்பு நின்றுபோனவர், ஐம்பது வயதில் நாவல் படிக்கத் தொடங்கினார். நாங்கள் எல்லாம் பின்னட்டையைப் படித்துவிட்டு வந்து தலையாட்டுவோம். கன்னியம்மாள் ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைக்கும் இடைவெளியில், பழைய தமிழ் மொழிபெயர்ப்பை வரி வரியாகப் படித்துவிட்டு வருவார்.

அன்றைக்கு ஐந்தாம் அத்தியாயம். சிறையிலிருந்து திரும்பும் தம்பி ஊருக்குள் ஒரு நொண்டிக் குதிரை மேல் வருகிறான். தினகரன் சார் கண்ணை மூடிக்கொண்டார். ஆபத்து என்று எங்களுக்குத் தெரியும்.

"மேலோட்டமாப் பார்த்தா அது ஒரு குதிரை. ஆழமாப் போனா, அது ஒரு தேசத்தோட மனசாட்சி. ஏன் நொண்டுது? பாவத்தோட பாரம்! நாலு கால்ல ஒரு கால் தரையில படாம..."

இருபது நிமிடம் போனது. குதிரை அமெரிக்காவைத் தாண்டி மனித குலத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தபோது, கன்னியம்மாள் மெதுவாகக் கையை உயர்த்தினார்.

"சார், அதுக்கு லாடம் கழண்டுகினு கீது. மேல ரெண்டு வரி தள்ளிப் போட்டுக்கீதே. ஆத்தாண்ட கல்லுல மாட்டிக்கிச்சாம்."

எல்லாரும் புரட்டிப் பார்த்தோம். இருந்தது. லாடம், கல், ஆறு, எல்லாமே இருந்தன. யாரோ சிரித்தார்கள். அந்த யாரோ நான்தான் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

தினகரன் சாரின் காது சிவந்தது. "கொக்கி வச்சோமா, ஓரம் அடிச்சோமான்னு போறதுக்கு இது ஜாக்கெட் இல்லம்மா. இலக்கியம்."

கன்னியம்மாள் புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்தார். "வரேங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அவர் உட்காரும் நாற்காலி காலியாகக் கிடந்தது. ஒரு மனிதர் அதைப் பார்த்து என்ன செய்ய வேண்டும்? தினகரன் சார் அதைப் பற்றியும் பேசினார். "இந்த வெற்றிடம் இருக்கே..." என்று ஆரம்பித்து கால்மணி நேரம்! அதற்கடுத்த ஞாயிறு நாலு நாற்காலிகள் காலி. பீரங்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற சிவராமன், சுற்றி வளைக்கத் தெரியாதவர், எழுந்து நின்றே சொன்னார்: "சார், அந்தம்மா ஏன் வரலன்னு ஊருக்கே தெரியும். போய் ஒரு சாரி சொல்லிட்டு வாங்க. அதுவரைக்கும் நானும் வரல."

அதற்குப் பதிலாக சார் கர்வத்தைப் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். அருமையான உரை. ஒரு மேற்கோள்கூடத் தப்பவில்லை.

ஆனால் அவருக்கு வீடு என்று ஒன்று இருந்தது. வீட்டில் லோகநாயகி அம்மாள் இருந்தார். தங்கை மகள் கல்யாணத்துக்கு நாலு பட்டு ஜாக்கெட் தைக்க வேண்டும்; பதினைந்து வருடமாக அந்த அம்மாளின் அளவு ஜாக்கெட் கிடப்பது கன்னியம்மாள் கடையில்.

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் அங்க போறது?" என்றார் லோகநாயகி. "நாளைக்குள்ள நீங்க போய்ப் பேசணும். இல்லன்னா நாளன்னியிலேர்ந்து இந்த வீட்ல சோறும் குறியீடாத்தான் இருக்கும்."

மறுநாள் மாலை சார் என் ஸ்கூட்டரின் பின்னால் ஏறினார். வழியெல்லாம் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தார். ஒத்திகை என்று நினைத்தேன். கடை வாசலில் இறங்கியதும் அவர் பார்வை கத்தரிக்கோல்மேல் விழுந்தது. உதடு பிரிந்தது. நான் அவர் காலை மிதித்தேன்.

கன்னியம்மாள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, மறுபடி மெஷினை மிதிக்க ஆரம்பித்தார்.

"மேலோட்டமாப் பார்த்தா," என்றார் சார், "நான் உங்களப் புண்படுத்தின மாதிரி..."

"ஆழமாப் போனா?" என்றார் கன்னியம்மாள், துணியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இருபத்திரண்டு வருடத்தில் அந்த வாக்கியத்தை அவருக்கு யாரும் திருப்பிக் கொடுத்ததில்லை. சார் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"ஆழமாப் போனாலும் அதேதாம்மா. லாடம் கழண்டத நான் பாக்கல. நீங்க பாத்துட்டீங்க. எனக்குக் கோவம் வந்துடுச்சு. தப்பு என்னுது."

மெஷின் நின்றது.

"எனுக்கு ரொம்பப் பேஜாராப் பூட்ச்சு சார். எட்டாவது படிச்சவளுக்கு இன்னாத்துக்கு புக்குன்னு கேட்டாப்பல இருந்துச்சு. ஊட்டுக்குப் போய் அத பீரோ மேல தூக்கிப் போட்டேன். அப்பால தொடவே இல்ல." நூலைக் கடித்து அறுத்துவிட்டு, "அந்தத் தம்பிக்காரன் அண்ணன் ஊட்டுக் கதவத் தட்டுறான் பாரு, நா படிச்சது அதோட நிக்குது. அண்ணன் கடைசியில வாயத் தொறந்து சொன்னானா, இல்லியா?"

சார் தெருவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு செருப்பைப் பார்த்தார்.

"கடைசி மூணு அத்தியாயம் நான் படிச்சதில்லம்மா. நோட்ஸ் வச்சுத்தான் நடத்துறேன்."

"எத்தினி வருசமா?"

"இருபத்திரண்டு."

கன்னியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். முடியவில்லை. சிரித்துவிட்டார். கடையில் வேலை பழகிக்கொண்டு, ஊசி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த காவ்யா என்ற பெண்ணும் சிரித்தாள். கடைசியில், நம்புங்கள், தினகரன் சாரும் சிரித்தார். அவர் பல்லை நான் அன்றுதான் முழுதாகப் பார்த்தேன்.

அந்த ஞாயிறு ஒன்பது பேரும் வந்தோம். கடைசி மூன்று அத்தியாயங்களைக் கன்னியம்மாள் உரக்கப் படித்தார். சில சொற்களில் தடுக்கினார், சார் திருத்தவில்லை. தம்பி கதவைத் தட்டுகிறான், தட்டிக்கொண்டே இருக்கிறான். அண்ணன் உள்ளே, கதவுக்கு இந்தப் பக்கம், கை தாழ்ப்பாளில் இருக்க, நின்றபடியே நிற்கிறான். திறக்கவில்லை. தம்பி போய்விடுகிறான். அவ்வளவுதான்.

"பாவி. ஒரு வார்த்த சொல்லிருக்கலாமே" என்றார் கன்னியம்மாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. தினகரன் சார் வாயைத் திறந்தார். தாழ்ப்பாள் எதைக் குறிக்கிறது என்று வரப்போகிறது என நாங்கள் எல்லாரும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டோம். "ஆமாம்மா" என்றார், அவ்வளவுதான்.

அன்று திரும்பும்போது சார் என்னிடம் ஒன்று சொன்னார். இத்தனை வருடமும் அந்த அண்ணனைப் பற்றிப் பாடம் எடுக்கும்போதெல்லாம் அவர் மனதில் வந்துபோன முகம் அவருடைய துறைத்தலைவருடையதாம். தன் முகம் ஒருநாளும் வந்ததில்லையாம்.

இதைப் படித்துக்கொண்டு வந்தீர்களே, உங்களுக்கு யார் முகம் வந்தது? மைத்துனரா? மேல்வீட்டுக்காரரா? கல்லூரியில் உங்களுக்குப் பாடம் எடுத்த யாராவதா? "அப்படியே அவர்தான்!" என்று சொல்லிக்கொண்டீர்களா?

அப்படியானால் ஞாயிறு பத்து மணிக்கு அண்ணனூருக்கு வாருங்கள். உங்களுக்கும் ஒரு நாற்காலி போட்டு வைக்கிறோம்.