ஸ்டெபினின் சாஃப்ட்வேரில் இரண்டு குறைகள்

அக்டோபர் 13, திங்கள்.

நான் எழுதிய சாஃப்ட்வேர் இன்று இரண்டு லாரிகளுக்கு ஒரே டோக்கனைக் கொடுத்துவிட்டது. தவறு என்னுடையது. யார்டு வாசலில் இரண்டு டிரைவர்களும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள்.

"ஏலே லிங்கராஜ், நீ சாயங்கால கம்ப்யூட்டர் கிளாஸ்ல படிச்சுச் செஞ்சது போதும். வெளிய வாங்கிருவோம்" என்றார் முதலாளி சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சி. என் சாஃப்ட்வேர் ஒழுங்காக ஓடினால் கேட் ஸ்டூலிலிருந்து ஆபீஸ் நாற்காலிக்கு மாற்றுவதாகச் சொன்னவரும் அவர்தான்.

மதியமே சாஃப்ட்வேர் விற்கும் ஸ்டெபின் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தான். அண்ணாச்சி அவனை "சார்" என்கிறார். அவன் சட்டையில் ஒரு சுருக்கம்கூட இல்லை. தேடிப் பார்த்தேன்.

பிறகு அவன் சாஃப்ட்வேரில் தேடினேன்.

"அண்ணாச்சி, மழை மேகம் கூடுனா மூடாத உப்பு லாரியத்தான மொதல்ல ஷெட்டுக்குள்ள விடுவோம்? இதுக்கு அது தெரியலயே!"

"நல்லாக் கேட்டலே! எழுதிக் குடு, சார்ட்ட சொல்லுவோம்."

மாலை வகுப்பில் டயானா மிஸ் கொடுத்த வீட்டுப்பாடம்: ஆஸ்பத்திரி வரிசையில் காய்ச்சல் கூடிய நோயாளியை முன்னால் விட ப்ரோகிராம் எழுதுவது எப்படி? வகுப்பு முடியுமுன்னே எழுதிக் காட்டிப் பத்துக்குப் பத்து வாங்கினேன்.

அக்டோபர் 15, புதன்.

மேகத்தை ஸ்டெபின் சரிசெய்துவிட்டான்.

"சார் கில்லாடிலே!" என்றார் அண்ணாச்சி.

விடுவேனா? இன்னொரு குறையும் எழுதிக் கொடுத்தேன். நாலு மணிக்கு லோடுமேன்கள் டீக்குப் போனால் வரிசை நிற்க வேண்டும். அவனுடையது நிற்காமல் ஓடுகிறது.

வீட்டுப்பாடம்: டாக்டர் டீ குடிக்கப் போனால் டோக்கனை நிறுத்துவது. இதற்கும் அங்கேயே பத்து. இந்த மார்க்கையாவது அண்ணாச்சி பார்க்கக் கூடாதா?

அக்டோபர் 17, வெள்ளி.

டீயும் சரியாகிவிட்டது. ஸ்டெபினின் சாஃப்ட்வேரை வாங்க நாளை பதினொரு மணிக்கு அண்ணாச்சி கையெழுத்துப் போடுகிறார்.

"சாருக்கு ஓடுத மூளை ஒனக்கு ஓடலியேலே" என்றார் அண்ணாச்சி.

வகுப்புக்குப் போனால் அங்கேயும் ஸ்டெபின்! டயானா மிஸ்ஸிடம் மக்ரூன் பெட்டியை நீட்டிக்கொண்டிருந்தான். மிஸ்ஸும் சிரித்தார். எனக்கு ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை.

வருகைப் பதிவு எழுதும் ஜெபசெல்வி என்னைப் பார்த்துவிட்டாள்.

"ஏண்ணே மொறைக்கிய? அவரு விக்குதது நம்ம மிஸ் செஞ்சதுதான். லாரிக்காரவுக சொல்லுத குறைய ஆஸ்பத்திரின்னு மாத்தி ஒங்களுக்கு வீட்டுப்பாடமாக் குடுப்பாவ. வகுப்புலயே சரியா எழுதுறது நீங்க ஒருத்தர்தான!"

நாளைய வேலை: பதினொரு மணிக்கு முன், குறைப் பட்டியலையும் வீட்டுப்பாட நோட்டையும் தேதிவாரியாக அண்ணாச்சி மேசையில் அருகருகே வைப்பது.