கொடியிடைப் பால்

அரசுப் பால் பண்ணைக்குப் புதிதாக வந்த இயக்குநர், பொறுப்பேற்ற அன்றே ஒரு பெரும் முறைகேட்டைக் கண்டுபிடித்தார். சாப்பிட்ட அசதியில் கொட்டகைப் பக்கம் உலாவப் போனவர், மாடுகள் அத்தனையும் காலை மடக்கிப் படுத்துக்கொண்டு, கண் பாதி செருக, வாயை அசைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார். தொட்டியில் தீவனம் இல்லை. வாய் மட்டும் ஓடுகிறது. இந்தக் காட்சியை அவர் பணிக்காலம் முழுவதும் பல அலுவலகங்களில் பார்த்தவர்தான். மாட்டிடம் எதிர்பார்க்கவில்லை.

பண்ணையின் கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டார். மருத்துவர் நல்ல மனிதர், மாட்டு வைத்தியத்தில் கெட்டிக்காரர். மேலதிகாரி முன்னால் மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். மாடு அவசரமாக விழுங்கியதை அப்புறம் வாய்க்குக் கொண்டுவந்து நிதானமாக மெல்லும், அதுதான் அசைபோடுதல் என்று சொல்லிவைத்தார்.

"அப்போ முதல் தடவை சரியா மெல்லல?"

"இல்ல சார்."

"ஒரே வேலைய ரெண்டு தடவை செய்யுது. அதுவும் படுத்துக்கிட்டு."

மருத்துவருக்குத் தலைமை அலுவலகத்தில் கோப்புகள் போய்வரும் விதம் ஞாபகத்துக்கு வந்தது. வந்ததை அப்படியே விழுங்கிக்கொண்டார்.

மறுநாளே சுற்றறிக்கை வந்துவிட்டது. பணிநேரத்தில் காரணமின்றி வாயசைக்கும் வழக்கம் உடனடியாக ஒழிக்கப்பட வேண்டும். மேற்படி வழக்கத்துக்கு வைக்கோலே மூலகாரணம் என்று அறியப்படுவதால், வைக்கோல் இதன்மூலம் நிறுத்தப்படுகிறது. அதற்குப் பதிலாக மக்காச்சோள மாவு. உள்ளே போனால் திரும்பி வராது.

மருத்துவர் துணிச்சலை வரவழைத்துக்கொண்டு போய்ச் சொன்னார். வெறும் மாவு வயிற்றில் புளித்துப்போகும். வைக்கோலை மென்றால்தான் எச்சில் ஊறும், அந்த எச்சில்தான் புளிப்பை அடக்கும். தீவனத்தை மாற்றியே தீரவேண்டும் என்றால்கூடப் பழையதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்துதான் மாற்ற வேண்டும். இயக்குநர் பொறுமையாகக் கேட்டார்.

"எனக்கு எத்தனை ஊருக்கு மாறுதல் போட்டிருக்காங்க தெரியுமா, டாக்டர்? ஒவ்வொரு தடவையும் ஒரே நாள்ல மூட்டையக் கட்டிக்கிட்டுக் கெளம்பினேன். மாட்டுக்கு மட்டும் என்ன தனிச் சலுகை?"

மருத்துவர் தலையாட்டிவிட்டு வந்தார். அந்தத் தலையாட்டலுக்காகப் பிறகு அவர் தன்னைத்தானே திட்டிக்கொண்டதற்கு அளவே இல்லை.

மாடுகள் அசைபோடுவதை நிறுத்தின. ஒழுங்கு நிலைநாட்டப்பட்டது என்று மேலிடத்துக்கு அறிக்கை போயிற்று. சாணம் தண்ணீராகப் போனதை, கொட்டகையைக் கழுவுவது எளிதாகிவிட்டது என்று எழுதினார்கள். கால் வலித்து மாடுகள் நகராமல் நின்றதற்கு, வீண் நடமாட்டம் குறைந்தது என்று பெயர். சில மாடுகளுக்கு இடது வயிறு புடைத்துக்கொண்டு வந்தது. அது இடப்புறச் செழிப்பு.

கொட்டகையின் முதல் இடத்தில் நிற்கும் கிழட்டு மாட்டை எல்லாரும் பெரியம்மா என்பார்கள். மருத்துவர் பக்கத்தில் போனாலே சட்டைக் கையை நக்கும். இப்போது தலையைக்கூடத் திருப்பாமல் பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு நின்றது.

இதற்குள் பாலில் கொழுப்பு சரிந்து, பால் நீலம் பாரித்துவிட்டது. விற்பனை மேலாளர் ஓடிவந்து சொன்னார். இயக்குநர் அசரவில்லை. ஊரே இளைக்கவேண்டும் என்று வேகுவேகு என்று நடந்துகொண்டிருந்த காலம் அது. அந்தப் பாலுக்குக் 'கொடியிடைப் பால்' என்று பெயர் வைத்து, விலையையும் ஏற்றினார். மறுநாள் விடிவதற்குள் வாசலில் வரிசை.

ஒரு மத்தியானம் பெரியம்மா விழுந்துவிட்டது. வயிறு மத்தளமாக உப்பி, மூச்சு விட முடியாமல் நாக்கைத் தள்ளிவிட்டது. மருத்துவர் தொண்டை வழியாகக் குழாயை இறக்கிக் காற்றை வெளியேற்றினார். மாடு மெல்லக் கண்ணைத் திறந்தபோது அவர் அழுதுவிட்டார். எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, யாரையும் கேட்காமல், கொட்டகை முழுக்க வைக்கோல் போடச் சொன்னார். வாழ்நாளில் அவர் செய்த முதல் மீறல் அதுதான்.

மாடுகள் தேறின. பால் கெட்டிப்பட்டது. ஊர் கொதித்துப்போய்ப் பண்ணை வாசலில் திரண்டது. கொடியிடைப் பாலில் யாரோ நல்ல பாலைக் கலக்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. மருத்துவரின் மனைவியும் விடவில்லை.

"காச்சினா ஆடை படியுதுங்க. எந்தப் படுபாவி இப்படிக் கலப்படம் பண்றான்?"

படுபாவி காபியைக் குடித்து முடித்தார்.

விசாரணைக் கூட்டத்தில் அவருக்கு வெறுத்துப்போய்விட்டது. "நல்லா இருக்கிற மாடு கெட்டியாத்தான் கறக்கும், சார். மெலிசா வேணும்னா கறந்த பால்ல தண்ணிய ஊத்திக்கலாமே. மாட்ட ஏன் கொல்லணும்?"

இயக்குநர் பதறிப்போனார். "தண்ணி ஊத்தினா கலப்படம், டாக்டர். உள்ள தள்ளிடுவான். மாட்டுக்கு நோய் வந்தா அது தீவன மேலாண்மை."

வைக்கோலை மறுபடி நிறுத்தும்படி ஆணையாயிற்று. மருத்துவர் கொட்டகைக்குப் போனார். பெரியம்மா படுத்துக்கொண்டு, எந்த ஆணையையும் படிக்காத நிம்மதியில் அசைபோட்டுக்கொண்டிருந்தது. வெகுநேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பிறகு கொசுத்தொல்லை என்று காரணம் காட்டிக் கொட்டகையைச் சுற்றித் திரை கட்டச் சொன்னார். திரைக்குப் பின்னால் வைக்கோல் தொடர்ந்தது. விடியற்காலையில் யாரும் வருவதற்கு முன்னால், பால் தொட்டிக்குள் அவரே குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டார்.

கொடியிடை திரும்பிவிட்டது என்று ஊர் கொண்டாடியது. இயக்குநர் விருது வாங்கினார். எல்லாப் பண்ணைகளும் இம்முறைக்கு மாறவேண்டும் என்று மேலிடம் உத்தரவு போட்டது. கொஞ்ச காலம் கழித்து, முன்னோடிப் பண்ணையில் பயிற்சி பெற்றுச்செல்ல மற்ற பண்ணைகளின் மருத்துவர்கள் வந்து இறங்கினார்கள்.

பண்ணை மருத்துவர் அவர்களுக்கு மாவு மேலாண்மையைப் பற்றி நீட்டி முழக்கிப் பார்த்தார். பொய் வரவில்லை. கதவைச் சாத்திவிட்டு, எல்லாரையும் குழாயடிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். வேலை போனது என்றே நினைத்துக்கொண்டார்.

வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூத்தவர் ஒருவர் பெருமூச்சு விட்டார். "நீங்களும் இதானா? நாங்க உத்தரவு வந்த அன்னைக்கே குழாயத் தொறந்துட்டோம். நீங்களாவது நெஜமாவே ஏதோ கண்டுபிடிச்சிருப்பீங்கன்னு நெனச்சோம்."

எல்லாரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். ஊரை நினைத்துச் சிரித்தார்கள், மேலிடத்தை நினைத்துச் சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்ததும் அந்த மூத்தவரே கேட்டார், "ஆமா, உங்க வீட்டுல என்ன பால் வாங்குறீங்க?"

மருத்துவர் குழாயை இறுக்கி மூடினார். அன்று காலையும் அவர் மனைவி இருட்டோடு எழுந்துபோய் வரிசையில் நின்று, அதைத்தான் வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். மற்றவர்களும் அவரை மறுபடி கேட்கவில்லை. அவர்கள் வீட்டிலும் அதுதான்.