சேந்தமங்கலம் பாதை சுலபம்

இந்த ஆடிக்கு மாமனார் ஊட்டுப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்கறதில்லைன்னு நான் முடிவு பண்ணியிருந்தேன். அவர் மேல கோவமெல்லாம் இல்லைங்க. தங்கமான மனுசன். பார்த்ததும் கட்டிப்புடிச்சுக்குவாரு, கெடா அடிச்சுச் சோறு போடுவாரு. ஆனா நான் கை கழுவிட்டுத் திரும்பறதுக்குள்ள எதையாவது தூக்கி என் தலையில வச்சிருவாரு. கல்யாணமான வருசம் அம்மிக்கல்லு. இந்த வருசம் மகளுக்கு ஆட்டுக்கல்லு கொத்தி வச்சிருக்காருன்னு சேதி வந்துது.

எங்க ஊடு மலைமேல, வளப்பூர் நாட்டுல. மாமனார் ஊடு அந்தண்டை அடிவாரத்துல, புளியஞ்சோலையில. சந்தை கூடற சேந்தமங்கலம் இந்தண்டை அடிவாரத்துல. மலைக்கு ரோடு கிடையாது. சர்க்கார் ஆளுங்க வந்து கொடி நட்டு அளந்துட்டுப் போனாங்க. கொடித்துணியை ஆடு தின்னுபோட்டுது. அதனால எந்தச் சாமானும் தலைச்சுமைதான். அதுலயும் அவங்க ஊட்டுல ஒரு வழக்கம்: மகளுக்குக் குடுக்கற சீரை மாப்பிள்ளைதான் சுமக்கணும். கூலியாள் தலையில ஏத்தினா குடும்பத்துக்கே இழுக்காம். இந்த வழக்கத்தைக் கண்டுபுடிச்சவன் கட்டாயம் ஒரு மாமனாராத்தான் இருந்திருப்பான்.

"ஏம்புள்ள பெருமாயி, மலை பூரா கல்லுதானே? கல்லு மேல குடியிருந்துக்கிட்டு, கீழேயிருந்து கல்லு தூக்கியாரச் சொல்றியே!"ன்னு என் சம்சாரத்தைக் கேட்டேன்.

"அது வெறுங்கல்லுங்க. இது எங்கப்பன் குடுக்கற சீருங்க."

"சீர்னா ஒரு கன்னுக்குட்டி குடுக்கலாம். அதுவே பின்னால நடந்து வந்துரும்."

"கன்னுக்குட்டியில மாவாட்ட முடியுமுங்களா? ஒரு தோசைக்கு நான் பக்கத்தூட்டுக் கல்லுக்குப் போயி நிக்கறேன். அவ ஆட்டி, கழுவி, ஊர்வம்பு பேசி முடிச்சு எனக்குக் கல்லை விடறதுக்குள்ள ஊறின அரிசி புளிச்சே போகுது. எனக்குன்னு ஒரு கல்லு இருக்கக்கூடாதா?"

பாவமாத்தான் இருந்தது. ஆனா முதுகு என்னுதாச்சே! பழியைப் பாதை மேல போட்டேன்.

"கல்லு வேண்டாம்னு நான் சொல்லலை புள்ள. அந்தப் பாதை ஆகாது. புளியஞ்சோலையிலிருந்து ஏறினா முழங்கால் வந்து மூக்குல இடிக்குது. அந்த வழியில குரங்கே உக்காந்து உக்காந்துதான் போகுது!"

"நீங்க வாராவாரம் சந்தைக்குப் போற சேந்தமங்கலம் பாதை மட்டும் என்னவாம்? அதுதான் ரொம்பக் கஷ்டம்னு பேசிக்கறாங்க. இனிமே அங்கயும் போகாதீங்க. மொளகை வேற யாருகிட்டயாச்சும் குடுத்துவிட்டுக்கலாம்."

சந்தைன்னா மொளகு விக்கற இடம் மட்டுமா? டீ, சுடச்சுட போண்டா, அமீர் பாஷா கடை பெஞ்சு, உலக நியாயம். வாரம் பூரா அந்த ஒரு நாளுக்காகத்தானே நான் காட்டுல கொத்து புடிக்கறேன்! சேந்தமங்கலம் பாதையை விட்டுக்குடுக்கவே கூடாதுன்னு எந்திரிச்சு நின்னேன்.

"சேந்தமங்கலம் பாதையா? அது பாதையில்ல புள்ள, மெத்தை!"

சத்தத்துக்குப் பக்கத்தூட்டுக் காளியண்ணன் வந்துட்டாரு. ரெண்டு பாதையிலயும் பலாப்பழம் சுமந்து தேஞ்ச காலு அவருக்கு. அவர் பின்னாலயே பாதித் தெரு வந்துது. பெருமாயி எல்லாருக்கும் பாய் போட்டா.

"நீங்களே சொல்லுங்கண்ணா, சேந்தமங்கலம் பாதையில மூச்சு வாங்காதா?"

"வாங்கும்"னாரு காளியண்ணன்.

"வாங்காது! நான் பாட்டுப் பாடிக்கிட்டே ஏறுவேன்!"ன்னேன்.

"வெறுங்கையோட ஏறுவீங்க. சுமையிருந்தா?"ன்னா பெருமாயி.

"சுமையிருந்தா இன்னும் நல்லது. கால் தரையில பதியும்."

"பாரச் சுமையா இருந்தா?"

"எம்மாம் பெரிய சுமையா வேணாலும் இருக்கட்டும்! கண்ணை மூடிக்கிட்டு ஏறிருவேன். புளியஞ்சோலைப் பாதைதான் எமன். அதுல ஒரு உழக்குச் சாமானுக்கு மேல தூக்கினா மனுசன் ஊடு வந்து சேர மாட்டான்!"

காளியண்ணன் ரொம்ப நேரம் தாடையைத் தேய்ச்சாரு. "ரெண்டும் உயிரை வாங்கற பாதைதான். இருந்தாலும் சென்றாயன் இம்புட்டு அடிச்சுப் பேசறான். புளியஞ்சோலைதான் கஷ்டம்னு வச்சுக்குவோம்"னு தீர்ப்பு சொன்னாரு.

பெருமாயி தலையைக் குனிஞ்சுக்கிட்டா. "சரிங்க. நீங்க சொன்னதுதான் சரி. எல்லாரும் சாட்சி."

பொண்டாட்டி வாயால 'நீங்க சொன்னதுதான் சரி'! கல்யாணமாகி முதல் தடவையா அதைக் கேட்டேன். அன்னிக்கு ரெண்டு உருண்டை களி கூடவே தின்னேன்.

அடுத்த சந்தைக்கு மொளகு மூட்டையோட பாட்டுப் பாடிக்கிட்டே இறங்கினேன். அமீர் பாஷா என்னைப் பார்த்ததும் கடையை விட்டு வெளியே வந்தாரு.

"வாங்க சென்றாயண்ணே! உங்க சாமானைத் தூக்கிட்டுப் போயிருங்க. கடைக்கு வர்றவங்கெல்லாம் தடுக்கி விழறாங்க."

"என்ன சாமானுங்க பாய்?"

மூலையில கெடந்த சாக்கை விலக்கினாரு. மஞ்சளும் குங்குமமும் பூசிக்கிட்டு, ஆட்டுக்கல்லு.

"உங்க மாமனார் துறையூர்ல லாரி ஏத்தி விட்டாராம். மலையைச் சுத்தி நாமக்கல் வழியா வந்துது. போன சந்தைக்கு நீங்க கெளம்பிப் போனதும் வந்து எறங்கிருச்சு."

போன சந்தையா? நான் பெருமாயிகிட்ட வாதாடினது அதுக்கு அப்புறமாச்சே! நான் பாதையைப் பத்தி வாயைத் தொறக்கும்போதே கல்லு சேந்தமங்கலத்துல வந்து உக்காந்திருக்குது. பாய் போட்டு, சாட்சி கூட்டி, என் வாயாலயே அதுக்கு வழி சொல்ல வச்சிருக்கா!

"தூக்கிக் குடுக்கட்டுங்களா? இந்தப் பாதை உங்களுக்கு மெத்தையாமே. காலையில மொளகு கொண்டாந்த உங்கூர்க்காரங்க சொல்லிச் சிரிச்சாங்க"ன்னாரு பாய்.

மானம் போகுமேன்னு டீகூடக் குடிக்காம சும்மாடு கட்டினேன். ஏறினதை எப்படிச் சொல்றது! பாட்டு வரலை. முதல் மேட்டுல மூச்சு வாங்கிச்சு. அடுத்த மேட்டுல மூச்சே வரலை. எதிர்ல எறங்கி வந்தவன் ஒவ்வொருத்தனும், "என்ன சென்றாயா, கண்ணை மூடிக்கலையா?"ன்னு கேட்டுட்டுப் போனான். கண்ணு தானா இருட்டிக்கிட்டு வந்தது அவனுங்களுக்கு எங்கே தெரியும்!

ஊடு வந்து சேர்ந்தப்போ தெருவே கூடி நின்னுது. பெருமாயி ஆரத்தி எடுத்தா. எனக்கில்லைங்க, கல்லுக்கு. அப்புறம் அதைத் தடவித் தடவிப் பார்த்தா. கண்ணு கலங்கியிருந்தது. அந்தச் சந்தோசத்தைப் பார்த்ததும் எனக்கே கோவம் பாதி கொறஞ்சு போச்சு. போகட்டும், இத்தோட முடிஞ்சுதுன்னு கல்லுப் பக்கத்துலயே மல்லாந்து படுத்தேன். அப்பத்தான் கல்லுக் குழி காலியா இருக்கறதைக் கவனிச்சேன்.

"ஏம்புள்ள, குழவி எங்கே?"

"அது எங்கப்பன் ஊட்டுலயே இருக்குதுங்க"ன்னா பெருமாயி, முந்தானையால எனக்கு விசிறிக்கிட்டே. "சுலபமான பாதைக்குப் பெரிய சுமை, கஷ்டமான பாதைக்குச் சின்ன சுமை. நீங்க சொன்னபடியேதான் பிரிச்சு வச்சேன்."